பின் சீட்டுக்காக ஒரு வண்டி

பைக் ஷோரூமில் டை கட்டிக்கொண்டு நின்றவன் கேட்ட முதல் கேள்வி, "சார் வர்றாரா மேடம்?"

"சார்னு யாரும் இல்ல. ஓட்டப்போறது நான். பின்னால உக்காரப்போறது இவங்க" என்று மகள் அம்மாவைக் காட்டினாள். அம்மா, பளபளத்த தரையில் கால் வைக்கலாமா கூடாதா என்ற யோசனையில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவன் எத்தனை நொடியில் எத்தனை வேகம் பிடிக்கும் என்று ஆரம்பித்தான். மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். "எங்கம்மாவுக்கு ஒரு அவசரமும் இல்ல. பின் சீட்டு எத்தனை அங்குல அகலம்?"

அவனுக்குத் தெரியவில்லை. பின் சீட்டைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை என்றான். பின்னால் உட்காருகிறவர்களை நீங்கள் யாரும் கேட்டதில்லை, அதனால்தான் என்று சொல்லிவிட்டு மகள் பையிலிருந்து டேப்பை எடுத்து அவளே அளந்தாள். கால் வைக்கிற கம்பிக்கும் சீட்டுக்கும் எத்தனை உயரம், சாய்ந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா, பஞ்சு கெட்டியா மிருதுவா, எல்லாம் பார்த்தாள். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, சிக்னல் வரைக்கும் போய்த் திரும்பி வரலாம் என்றான்.

"நாங்க போற இடம் தொள்ளாயிரத்து நாப்பது கிலோமீட்டர். சிக்னல் வரைக்கும் உக்காந்து பாத்தா என்ன தெரியும்? இடுப்பு சிக்னல் தாண்டித்தான்யா வலிக்க ஆரம்பிக்கும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "ஏன் பாப்பா எல்லார்கிட்டயும் சண்டைக்கு நிக்கற?" என்றாள் அம்மா. "நான் எங்க நின்னேன், அவன்தான் சாரைத் தேடறான்."

தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டரில் இருந்தது துறைமுகம். அம்மாவுக்கு அங்கே சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்துநாலு வருஷம் காலர் தைத்தவள் அவள். சட்டையின் மற்ற பாகம் எதையும் அவள் தொட்டதில்லை. காலர், காலர், காலர். தைத்ததெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போகும். பெட்டியின் பக்கவாட்டில் அந்தத் துறைமுகத்தின் பெயர் அச்சடித்திருக்கும். பேருந்தில் போனால் வாந்தி வரும். ரயிலென்றால் பாதிப் பயணம் ராத்திரியில் கழிந்துவிடும். "இருபத்துநாலு வருஷமா முன் வரிசைக்காரியோட பின்னந்தலையத்தான் பாத்தேன். பஸ்ல ஏறினா அங்கயும் ஒருத்தன் பின்னந்தலை. எனக்குப் பக்கவாட்டுல தெரியணும். காத்து வரணும். அந்தப் பெட்டியெல்லாம் எங்க போயி கப்பல் ஏறுதுன்னு கண்ணால பாக்கணும்" என்றாள் ஒருநாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் ஆசையே அதுதான் என்று மகளுக்குத் தோன்றியது.

"பைக்ல போனாலும் முன்னால என் பின்னந்தலைதான் இருக்கும்."

"அது நான் பெத்த தலை. அத எவ்வளவு நேரம் வேணா பாப்பேன்."

அந்த வீட்டில் டிகிரி என்று ஒன்று முதன்முதலில் வந்தது மகளோடுதான். பம்ப் தயாரிக்கும் ஆலையில் சோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. வேலை நிரந்தரமானதும் அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "போதும், தைச்சதெல்லாம் போதும், எழுதிக் குடுத்துட்டு வா." அடுத்த வார்த்தை, "கப்பல் பாக்கப் போறோம்." வாடகைக்கு வண்டி எடுத்துப் போய்வரலாமே என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். வாடகை வீட்டில் பிறந்து, இரவல் புத்தகத்தில் படித்து, அடுத்தவள் போட்டுக் கழித்த சீருடையில் கல்லூரி முடித்தவளுக்கு அந்த யோசனையைக் கேட்டதும் எரிச்சல் வந்தது. அம்மாவை உட்காரவைக்கிற சீட்டாவது சொந்தமாக இருக்கட்டும்.

ஆனால் எந்த வண்டி என்று கண்டுபிடிக்க வாடகைக் கடைதான் சரி என்று அவளுக்குப் புரிந்தது. நெடுந்தூரம் போகிறவர்களுக்கு வண்டி விடும் கடை ஒன்று புறவழிச்சாலை ஓரத்தில் இருந்தது. கடைக்காரருக்குத் தொந்தி பெரிது, வாய் அதைவிடப் பெரிது. வண்டிகளுக்கெல்லாம் முறை வைத்துக் கூப்பிடுவார். "இது மச்சான். ஆளு அழகு, அவசரத்துக்கு உதவ மாட்டான். இது மாப்பிள்ளை. விலையும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி, சும்மா சும்மா சர்வீஸ் கேப்பான். இந்தா நிக்கறாரே கறுப்பு, இவர் பெரியப்பா. மெதுவாத்தான் போவாரு. ஆனா நடுரோட்டுல உங்கள விட்டுட்டுப் போனதா சரித்திரமே இல்ல."

"விட்டுட்டுப் போன என் புருசனுக்கு இவர் அண்ணனா இருந்திருக்கக் கூடாதா" என்றாள் அம்மா. கடைக்காரர் தொந்தி குலுங்கச் சிரித்தார். அம்மா வெளியாட்கள் முன்னால் அப்படிப் பேசி மகள் பார்த்ததே இல்லை.

முதல் ஞாயிறு பெரியப்பாவை எடுத்தார்கள்.

மகள் இதைத் தன் வேலையைப் போலவே செய்தாள். எல்லா ஞாயிறும் ஒரே சாலை, ஒரே நேரம், ஒரே வேகம். கடையிலிருந்து சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டர். டயரில் காற்றை அவளே அளந்து வைப்பாள். கிளம்புமுன் சொல்லிவிடுவாள்: "இடுப்பு வலிக்க ஆரம்பிச்ச உடனே என் தோள்ல தட்டு. பொறுத்துக்காத. பொறுத்துக்கிட்டேன்னா கணக்கு தப்பாயிடும்." தட்டிய இடத்தில் மீட்டரைப் பார்த்து, ஓரமாக நிறுத்தி, நோட்டில் எழுதுவாள். தேதி, வண்டி, வலி தொடங்கிய தூரம்.

அம்மாவுக்கு இடுப்பு வலி இருப்பது தெரிந்த விஷயம்தான். காலர் தைத்த எல்லாப் பெண்களுக்கும் இருந்தது. கம்பெனியின் முதலுதவி அறையில் ஒரு டப்பா நிறைய வெள்ளை மாத்திரை இருக்கும். தலைவலி, இடுப்பு வலி, மாதவிடாய் வலி, எதைச் சொன்னாலும் அதிலிருந்து ஒன்று. டப்பாவை வைத்திருப்பவள் வலிக்கிறதா என்று கேட்பாள், பதிலைக் காதில் வாங்குவதற்குள் மாத்திரை கைக்கு வந்துவிடும், பின்னாலேயே "சீக்கிரம் சீட்டுக்குப் போம்மா" என்ற வார்த்தையும். வேலையை விட்ட பிறகும் அம்மா அதே மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டாள். தையல்காரி முதுகு என்றால் வலிக்கத்தானே செய்யும். அதற்குத்தானே மகள் இத்தனை பாடுபட்டு நல்ல சீட்டாகத் தேடுகிறாள்.

பெரியப்பாவில் நாற்பத்திரண்டாவது கிலோமீட்டரில் அம்மா தட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. காத்து எப்படி அடிக்குது பாரு."

"நாப்பத்திரண்டு பத்தாதும்மா. நாம ஒரு நாளைக்கு முன்னூறு போகணும். இன்னும் நல்லதா கிடைக்கும்."

இரண்டாம் ஞாயிறு மச்சான், முப்பத்தைந்து. மூன்றாம் ஞாயிறு ஸ்பிரிங் மெத்தென்று இருந்த வெளிநாட்டு வண்டி, முப்பத்தாறு. நான்காம் ஞாயிறு இருபத்தெட்டு. ஐந்தாவது வண்டிக்கு உலகம் முழுக்க நல்ல பெயர், கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்கள் ஓட்டுவது, அதில் இருபத்திரண்டு. மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு விலை வச்சிருக்கான், பின்னால உக்கார்றவளுக்கு ஒரு மயிரும் செய்யல. எவனோ ஒருத்தன் தன் பொண்டாட்டிய மூட்டைன்னு நெனச்சு டிசைன் பண்ணியிருக்கான்." தயாரித்த கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். அவர்களும் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள்.

ஆறு, ஏழு, எட்டு. பத்தொன்பது, பதினாலு, பதினொன்று.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மா விடியுமுன் எழுந்து தயாராகிவிடுவாள். தலையை இறுக்கிப் பின்னி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் காத்திருப்பாள். போகிற வழியெல்லாம் பேச்சுதான். அந்த வீட்டுக்காரன் சுவருக்கு என்ன கலர் அடித்திருக்கிறான் பார், அந்த லாரியில் என்ன போகிறது, இந்தக் குளத்தில் இவ்வளவு தண்ணீர் போன வாரம் இல்லையே. திரும்பி வரும்போது பேச்சு குறைந்துவிடும். களைப்பு என்று மகள் நினைத்துக்கொள்வாள். அம்மா மெலிந்ததையும் பார்த்தாள். வேலையை விட்டவர்களுக்குப் பசி குறையும் என்று எங்கோ படித்திருந்தாள்.

ஒன்பதாம் வாரம் மகள் நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்தாள். பட்டியலில் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது முதல் வண்டிதான். ஊர் உலகமெல்லாம் சுற்றிவிட்டு இந்தத் தொந்திக்காரரின் பெரியப்பாவிடமே வந்து நிற்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. "அதையே வாங்கிடலாம்மா. கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்றாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். "படிச்ச புள்ள பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதே கறுப்பு வண்டி. அதே சாலை. அதே காற்று அளவு.

ஆறாவது கிலோமீட்டரில் அம்மா தோளில் தட்டினாள்.

மகள் மீட்டரை இரண்டு தடவை பார்த்தாள். வண்டியைத் திருப்பி நேராகக் கடைக்கு விட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே கத்தத் தொடங்கிவிட்டாள். "என்ன பண்ணீங்க வண்டிய? ஸ்பிரிங்கை மாத்தினீங்களா? மொத வாரம் நாப்பத்திரண்டு வந்துச்சு, இப்ப ஆறு. எவன்கிட்டயோ குடுத்துக் குட்டிச்சுவராக்கி வச்சிருக்கீங்க."

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். சீட்டின் ஓரத்தை அமுக்கினார். "தங்கச்சி, சத்தியமா ஒரு ஆணியத் தொடல. நீங்க போன அப்புறம் இவர் வெளியவே போகல. இன்னிக்குத்தான் தூசி தட்டினேன்." பிறகு அம்மாவைப் பார்த்து, "அக்கா, மூஞ்சியே சரியில்லையே, மொதல்ல ஒரு டீ குடிங்க" என்றார்.

வண்டி சைடு ஸ்டாண்டில் நின்றது. அம்மா இறங்கவில்லை. இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்பதால் இறங்கவில்லை. அது மகளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. பின் சீட்டில் உட்கார்ந்தபடியே டீயை வாங்கினாள். ஒரு வாய் குடித்ததும் புரையேறி லேசாக இருமினாள். சின்ன இருமல். அதற்கே கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன. டம்ளர் கையிலிருந்து நழுவியது. டீ முழுவதும் பெரியப்பாவின் மேல் கொட்டியது.

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரிடம் வழக்கமான நக்கல் ஒன்றுமில்லை. "தங்கச்சி, எஞ்சின் ஆஃப்ல இருக்கு."

மகளுக்கு முதலில் விளங்கவில்லை.

"வண்டி ஓடல, ஸ்டாண்டுல நிக்குது. அப்பவும் அக்காவுக்கு வலிக்குது பாரு. இது வண்டி வலி இல்லம்மா."

ஆலையில் அவளுடைய வேலை பம்ப்பின் அதிர்வை அளப்பது. பம்ப்பை மேடையில் பொருத்தி, அதன் மேல் உணர்கருவியை ஒட்டி, ஓடவிட்டு அளவெடுப்பாள். ஆனால் ஓடவிடுமுன், சுவிட்சை அணைத்தே வைத்து ஒரு அளவு எடுக்க வேண்டும். பம்ப் ஓடாதபோதும் கருவி ஏதாவது காட்டினால் குறை பம்ப்பில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. இது தெரியாமல் அந்தப் பிரிவுக்குள்ளேயே காலெடுத்து வைக்க முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மறந்துவிட்டால் அவளே திட்டுவாள். ஒன்பது வாரமாக, வண்டியில் ஏறுமுன் அம்மாவிடம் அவள் ஒருநாளும் கேட்கவில்லை, இப்போது வலிக்கிறதா என்று.

"ம்மா, வீட்டுல இருக்கும்போதும் வலிக்குதா?"

அம்மா சேலை முந்தானையால் சீட்டில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேன்ல."

"வலிக்கும்."

"எப்பலேருந்து?"

"காலையில எந்திரிக்கறப்போ இருக்கும். மாத்திரை போட்டா அடங்கும். இப்ப கொஞ்ச நாளாத்தான் அடங்க மாட்டேங்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியே வேணாம்னுடுவ" என்றாள் அம்மா, ஏதோ தப்பு செய்து பிடிபட்ட பிள்ளையைப் போல. "அதான் கெளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரை போட்டுக்குவேன். அது தாங்கற வரைக்கும் தாங்கும். அந்த வெளிநாட்டு வண்டியன்னிக்கு மூணு போட்டேன்."

மூன்றாம் ஞாயிறு. முப்பத்தாறு.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். பிறகு பெரிய படம் ஒன்று எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண்மணி, பொறுமைசாலி. பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. அது தெரிய வேண்டும் என்றுதான் அவள் காலர் தைத்து மகளைப் படிக்கவைத்தாள். மகளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. மார்பிலிருந்து கிளம்பிய புற்று முதுகெலும்புக்குப் போயிருக்கிறது. மூன்று எலும்புகளை அரித்திருக்கிறது. ஒன்று எப்போது வேண்டுமானாலும் நொறுங்கலாம். அம்மா டாக்டரின் வாயைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் எழுதியிருப்பதைப் படிப்பவள் போல.

"வலி எப்ப ஆரம்பிச்சுது, எப்படி அதிகமாச்சு, ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

மகள் பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் பக்கத்தைப் பார்த்தார். தேதி, தூரம். நாற்பத்திரண்டு, முப்பத்தைந்து, முப்பத்தாறு, இருபத்தெட்டு, இருபத்திரண்டு, பத்தொன்பது, பதினாலு, பதினொன்று, ஆறு. விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாக இறங்கினார். "இது யாரு எழுதினது?"

"நான்தான்."

"இவ்வளவு சுத்தமா எனக்கு யாரும் எழுதிக் கொண்டுவந்ததே இல்ல. எதுக்காக எழுதினீங்க?"

"வண்டி வாங்கறதுக்கு" என்றாள் மகள்.

டாக்டர், வண்டியின் பெயர் எழுதியிருந்த வரிசையைக் கையால் மறைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கையால் மறைத்ததும் அது என்ன பட்டியல் என்பது யாருக்கும் தெரிந்துவிடும். வண்டிகள் ஒவ்வொன்றும் மட்டமாகிக்கொண்டே வந்ததாக அவள் நினைத்திருந்தாள். கம்பெனிக்காரனுக்குக் கடிதம் வேறு எழுதியிருந்தாள்.

முதல் ஞாயிறே கூட்டி வந்திருந்தால் அம்மாவைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று வராந்தாவில் டாக்டரை வழிமறித்துக் கேட்டாள். அப்போதே எலும்புக்கு வந்திருக்கும் என்றார் அவர். கொஞ்சம் வலி குறைத்திருக்கலாம், கொஞ்சம் நாள் கூட்டியிருக்கலாம். எத்தனை நாள் என்று மகள் கேட்டாள். அதற்கெல்லாம் எண் சொல்ல முடியாது என்றார். எண் சொல்ல முடியாத பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளை மாத்திரை டப்பாவை, அதை நீட்டிய கையை, "சீக்கிரம் சீட்டுக்குப் போம்மா" என்ற குரலை வெறுத்தாள். வெறுப்பதற்கு அவர்கள் இருந்தது கொஞ்சம் வசதியாகக்கூட இருந்தது. பிறகு அந்த வசதியும் போய்விட்டது. அந்த டப்பாக்காரியாவது வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டாள்.

பெண்கள் வார்டில் ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டில் கிடைத்தது. எழுந்து நடக்கக் கூடாது, தானாகத் திரும்பிப் படுக்கக் கூடாது, இரண்டு சக்கரம் என்ற பேச்சே கூடாது. வாடகைக் கடைக்காரர் ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்று, "அக்கா, பெரியப்பா உங்கள ரொம்ப விசாரிச்சாரு" என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அம்மாதான் சிரித்தாள்.

அன்று மத்தியானம் அம்மா கேட்டாள். "அந்தக் கறுப்பு வண்டி மொத நாளே நல்லாத்தானே இருந்துச்சு?"

"ம்."

"அப்பவே எடுத்திருக்கலாம். நாப்பது கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்தி, எறங்கி, காலை நீட்டிட்டு, மறுபடி ஏறிப் போயிருந்தா போயிருக்கலாம், இல்ல?"

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. விலை மலிந்திருந்தபோது ஒரு பாத்திரம் வாங்காமல் விட்டதைச் சொல்லும் குரல். மகளின் மூளை, அவள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கணக்குப் போட்டது. தொள்ளாயிரத்து நாற்பதை நாற்பத்திரண்டால் வகுத்தால் இருபத்திரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு மரத்தடி, இருபத்திரண்டு டீக்கடை. நாலு நாள், மிஞ்சினால் ஐந்து. இரண்டாம் ஞாயிறு வருவதற்குள் கப்பலைப் பார்த்திருக்கலாம். நல்ல வண்டி கிடைத்த அன்றே, அதைவிட நல்லதைத் தேடக் கிளம்பியவள் அவள்.

"நீதானேம்மா ஒவ்வொரு வாரமும் சரின்னு சொன்ன. இதுவே போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"நீ எனக்காகத் தேடினியே பாப்பா. எனக்கு வேணும்னு யாரு என்னிக்குத் தேடியிருக்கா? அதுவே நல்லாருந்துச்சு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். மகள் எழுந்துபோய் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முகத்தைக் கையால் வழித்துவிட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நீ போயி பாத்துட்டு வா" என்றாள் அம்மா. "ஒரு வாரம் லீவு போட்டுக்க. அந்தத் தொந்திக்காரத் தம்பி வண்டி குடுக்கும். பெட்டிய எப்படித் தூக்கி ஏத்தறாங்க, கப்பல் எவ்வளவு உசரம், எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு."

"போக மாட்டேன்."

"ஏன்?"

"நீ இல்லாம எனக்கு எதுக்கு கப்பல்? நான் என்ன கப்பல் பாக்காம ஏங்கிக் கெடந்தேனா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். போவதும் போகாததும் அப்புறம். சரிம்மா, பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று ஒரு பொய். பொய் சொல்ல வராது என்பதில் இத்தனை நாளும் அவளுக்கு ஒரு திமிர் இருந்தது. ஷோரூம்காரனிடம் காட்டிய அதே நாக்கு. அதை அம்மாவிடம் மட்டும் வேறு மாதிரி வளைக்க அவளுக்குத் தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான், அம்மா கேட்டது கப்பலை இல்லை, தானில்லாமலும் மகள் எங்காவது போவாள் என்ற ஒரு உறுதியை என்று உறைத்தது. அதற்குள் அம்மா கேட்பதை விட்டுவிட்டாள்.

"சரி, போகாத" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பக்கமே படுத்திருக்கேன். அந்தப் பக்கம் திருப்பி விடறியா?"

நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் மகள் கொடுத்தாள். அம்மா எடையே இல்லாமல் இருந்தாள்.

"மெதுவா" என்றாள் அம்மா.

மெதுவாகத்தான் திருப்பினாள். அப்படியும் வலித்தது.